ஃபோர்மேன் கற்றுக்கொடுத்த ஜப்பானிய மொழி

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு 'ஹாய் டீச்சர்' என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'ஹாய்' என்றால் ஆமாம், சரி, இதோ வந்தேன் எல்லாம்தான். வராந்தாவில் யார் கூப்பிட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது அதுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பியூன்கள், அம்மா நமக்குத்தான் வணக்கம் சொல்கிறார் போலிருக்கிறது என்று வெட்கத்தோடு கையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஆள் ஐந்தடிக்கும் ஒரு விரல் குறைவு. தமிழில் யாரையும் ஒருமையில் கூப்பிட்டு அறியாதவள். பெற்ற மகளையே "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பாள். தெருநாயைக்கூட "அந்தப் பக்கம் போங்க" என்று விரட்டுவதாக அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் இப்படி ஒரு சாது இருப்பது நிம்மதியாகத்தான் இருந்தது.

வெளிநாட்டு மொழித் துறையில் பிரெஞ்சுக்குப் பெரிய அறை, ஜெர்மனுக்கு மின்விசிறி உள்ள அறை. ஜப்பானிய மொழிக்கு இரண்டாம் மாடிக் கோடியில், விளையாட்டுத் துறை காலி செய்துவிட்டுப் போன சாமான் அறை. அங்கே மறந்து விட்டுப்போன ஒரு டேபிள் டென்னிஸ் மேசையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, அதையே கரும்பலகையாக்கிக் கொண்டிருந்தாள். நடுவில் ஓடும் வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுதும் மொழி, அந்தப் பக்கம் பேசும் மொழி. பதினோரு வருஷமாக அந்தக் கோடு அப்படியே இருந்தது. வினை அங்கேதான் இருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அவள் ஜப்பானிய மொழி படித்த கதை இது. பத்தொன்பது வயதில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளை, சித்தப்பா தான் ஸ்டோர்கீப்பராக இருந்த தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்த்துவிட்டார். சேர்ந்த மறுமாதம் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் ஜப்பானிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கின. கூடவே அவற்றைப் பொருத்த ஒரு ஃபோர்மேனும் வந்தார். குட்டை ஆள், கழுத்தே இல்லை, தலையில் எப்போதும் ஒரு துண்டு. ஸ்பானர் சிமெண்ட் தரையில் விழுந்த மாதிரி ஒரு குரல். மொழிபெயர்க்க வந்தவன் அந்தக் குரலுக்குப் பயந்து இரண்டே மாதத்தில் ஓடிவிட்டான். உதிரிபாகங்களின் எண்களைக் குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள்தான் அகப்பட்டாள்.

மூன்று வருஷம் அவர் வாயைப் பார்த்து, காதால் கேட்டு, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். அவரும் அவளை மகள் மாதிரி பார்த்துக்கொண்டார். ஆரஞ்சுப் பழம் உரித்தால் பாதி அவளுக்கு. காலையில் வேலை தொடங்குமுன் டேப்பில் பியானோ இசை போட்டு, எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கைகால்களை நீட்டி மடக்க வைப்பார். செருப்பைக் கழற்றினால் வாசலைப் பார்த்து வை, எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடு, மெஷினைத் துடைக்காமல் வீட்டுக்குப் போகாதே. அவளுக்குத் தெரிந்த ஜப்பானியப் பண்பாடு அவ்வளவும் அவரிடமிருந்து வந்ததுதான். ஊருக்குக் கிளம்பும்போது வெளிநாட்டவருக்கான ஜப்பானிய மொழிப் பாடப்புத்தகம் ஒன்றையும் அகராதியையும் அவள் மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

அந்தப் பாடப்புத்தகத்தில் இருந்த மொழி வேறு மாதிரி இருந்தது. 'நான்' என்பதற்கு ஃபோர்மேன் 'ஒரே' என்பார், புத்தகம் 'வத்தாஷி' என்றது. வாக்கியம் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு நீளம். அவள் அதைப் பார்த்துக் குழம்பவே இல்லை. தமிழச்சிக்கு இதில் என்ன குழப்பம்? நாமும்தான் 'உணவு அருந்தினீர்களா' என்று எழுதிவிட்டு 'சாப்ட்டியா' என்று கேட்கிறோம். எழுதுகிற மொழி வேறு, பேசுகிற மொழி வேறு. அங்கேயும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டாள். பேச்சு மொழிக்கு, அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஃபோர்மேனை விட யாரை நம்புவது?

தபால் வழியில் தேர்வுகள் எழுதி மூன்று நிலை தேறினாள். அந்தத் தேர்வுகளில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மாலை நேர வகுப்புக்கு ஆள் தேடியபோது விண்ணப்பித்தது அவள் ஒருத்திதான். நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேராசிரியர்களில் ஒருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. "எங்கே, ஏதாவது பேசுங்க பார்ப்போம்" என்றார்கள். மடமடவென்று ஐந்து நிமிஷம் பேசினாள்.

"பிரமாதம்! என்ன பேசினீங்க?"

"வேலை முடிஞ்சதும் மெஷினை எப்படித் துடைக்கணும்னு சொன்னேன் சார்."

அப்படித்தான் அவள் டீச்சர் ஆனாள். "'ஒரே'ன்னா நான். நான் ஒரே ஒரு ஆள்தானே? மறக்கவே மறக்காது பாருங்க" என்று முதல் நாள் சொல்வாள். சத்தியமாக யாரும் மறக்கவில்லை. எப்போதாவது விழாவுக்கு வந்த ஜப்பானிய விருந்தினர் ஓரிருவர் அவள் வரவேற்புரையைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "கேக்கும்போது வாயைப் பொத்திச் சிரிக்கிறது அவங்க மரியாதை" என்று அதையும் பண்பாட்டுப் பாடத்தில் சேர்த்துவிட்டாள். தேர்விலும் கேட்டாள், இரண்டு மதிப்பெண்.

பன்னிரண்டாவது வருஷம் ஜப்பானிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு பேராசிரியை வந்தார். அறுபது வயது இருக்கும். நரைத்த தலையை ஒரு முடி கலையாமல் வாரியிருந்தார். மாணவர்கள் ஜப்பானிய வழக்கப்படி 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்று கூப்பிடப் போகிறவர் அவர்தான். துறைத்தலைவர் மாலையோடு நிற்க, டீச்சர் முன்னால் போய் இடுப்பு வரை குனிந்து, முகமெல்லாம் மலர, ஜப்பானிய மொழியில் வரவேற்றாள். அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொல்வதானால் இப்படி இருக்கும்:

"ஏய், வந்துட்டியா! மூஞ்சி வாடிக் கெடக்கு. நிக்காத, உக்காருடா. தண்ணி குடி."

 சென்செய் குனிந்து வணங்கி, சொன்னபடியே உட்கார்ந்து, தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

இரண்டு வாரம் அவர் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு தொடங்குமுன் டீச்சர் பியானோ டேப் போட்டு எல்லோரையும் கைகால் நீட்டி மடக்க வைத்தபோது, தானும் வரிசையில் நின்று செய்தார். மாணவர்கள் எழுதியதைப் பார்த்தார், மெச்சினார். பேசச் சொன்னார், தலையாட்டிக் கேட்டார்.

மூன்றாவது வாரம் கேட்டுப் பழகுவதற்காக ஒரு கேசட் கொண்டு வந்து போட்டார். காவல் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர், தெருவில் கலாட்டா செய்து பிடிபட்ட ஒரு குடிகாரன். இரண்டு பேரும் பேசுகிறார்கள். போலீஸ்காரர் என்ன சொல்கிறார் என்று வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. குடிகாரன் வாயைத் திறந்தானோ இல்லையோ, எல்லோர் முகமும் பளிச்சென்று ஆனது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் சந்தோஷம் தாங்காமல் எழுந்துவிட்டார்.

"டீச்சர்! இந்த ஆளு அப்படியே நம்மள மாதிரியே பேசுறான்!"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிக்க வாயைத் திறந்தாள். சென்செய்யின் முகத்தைப் பார்த்தாள். அவர் கேசட்டை நிறுத்திவிட்டு, அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு திரும்பலில் டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.  பாக்கி அரைமணி நேரமும் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு நேராகக் கேட்டாள். புத்தக மொழியில், தட்டுத் தடுமாறி.

"நான் பேசுவது எப்படி இருக்கிறது? மறைக்காமல் சொல்லுங்கள்."

சென்செய் தன் நாற்காலியை இழுத்து அவளருகே போட்டுக்கொண்டார். "உங்கள் இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. உச்சரிப்பு எங்கள் ஊரில் பிறந்தவர் மாதிரியே இருக்கிறது. ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கத்துகிற ஓர் ஆண்பிள்ளை மாதிரி பேசுகிறீர்கள். புத்தகத்தில் இருக்கிற மொழியைத்தான் நாங்கள் கடையிலும் அலுவலகத்திலும் வாயாலேயே பேசுகிறோம்."

"முதல் நாளே ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல மனம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷமாக எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். மூஞ்சி வாடிக் கிடக்கிறது, உட்கார் என்று யாரும் சொன்னதில்லை."

அவர் அதை ஒப்புக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவள் ஆறுதல் அடையும் நிலையில் இல்லை. வீட்டுக்குப் போய் அடுக்களையில் நின்றுகொண்டே அழுதாள். வருகைப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்திருந்தாள். பதினோரு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் எங்கெங்கோ போய், ஜப்பான்காரர்கள் முன்னால் ரவுடி மாதிரி பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கணவர் முழுவதையும் கேட்டார். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பாடுபட்டார். "உக்காருடா" வந்த இடத்தில் முடியவில்லை. துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. நான் ராஜினாமா எழுதப் போறேன்."

"எழுது. ஆனா தமிழ்ல எழுது. அதுலயாவது மரியாதையா இருக்கும்."

அழுகைக்கு நடுவில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க பாரு. லாரி ஓட்டிப் பழகினவன் எங்கிட்ட காருக்கு வருவான். முதல் நாள் பிரேக்கை மிதிச்சா மூக்கு கண்ணாடில போய் இடிக்கும். அதுக்காக அவனுக்கு வண்டியே தெரியாதுன்னு அர்த்தமா? பத்து நாள்ல கால் பழகிடும்."

"எனக்கு இது இருபத்தஞ்சு வருஷப் பழக்கம்ங்க."

"அப்ப ஒரு நாலு மாசம் ஆகும்."

அடுத்த திங்கட்கிழமை டேபிள் டென்னிஸ் மேசையிலிருந்த வெள்ளைக்கோட்டை ஈரத்துணியால் துடைத்தாள். பெயிண்ட் ஆனதால் கோடு போகவில்லை. மாணவர்களிடம் ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னாள். "இத்தனை நாள் உங்களுக்குப் பேச்சைத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். இனி சென்செய்தான் சொல்லித் தருவாங்க. நானும் உங்களோட படிக்கிறேன்." சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தபால் ஆபீஸ்காரர் பதறிப்போய் நகர்ந்து இடம் விட்டார்.

நாக்கு லேசில் வளையவில்லை. எச்சரிக்கையாகத் தொடங்குவாள். நாலாவது வாக்கியத்தில் ஃபோர்மேன் எட்டிப் பார்ப்பார். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ஏதோ ஜபம் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். மகள்தான் வீட்டில் விருந்தாளி வேஷம் போடுவாள். காலிங்பெல் அடித்து உள்ளே வந்து உட்கார்ந்து அம்மாவை மரியாதை வாக்கியங்களாகச் சொல்ல வைப்பாள். "இன்னொரு தடவை சொல்லும்மா, ரொம்ப வேகமா முடிச்சிட்ட. விருந்தாளியைத் துரத்துற மாதிரி இருக்கு."

பழைய மாணவர்களை என்ன செய்வது? ஒருவர் விடாமல் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தாள். 'நான் கற்பித்த பேச்சு நாலு பேர் முன்னால் பேசத் தகுந்ததல்ல. 'ஒரே' என்று சொல்லாதீர்கள், 'வத்தாஷி' என்று சொல்லுங்கள். பிழை என்னுடையது, மன்னியுங்கள்' என்று ஒரு பக்கம். அதை டைப் செய்து எடுத்துக்கொண்டு, கணவரின் டிரைவிங் ஸ்கூலுக்குப் பக்கத்திலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

"இருநூத்திப் பன்னிரண்டு காப்பிம்மா."

இயந்திரத்தின் பின்னால் நின்ற பெண் தாளை வைத்து மூடினாள். முதல் பிரதி வந்து விழுந்தது. ஓரம் சரியாக இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தவள், படிக்க ஆரம்பித்துவிட்டாள். கை தானாகப் போய் இயந்திரத்தை நிறுத்தியது.

"டீச்சர், என்னைத் தெரியுதா?"

டீச்சர் உற்றுப் பார்த்தாள். "எட்டாவது பேட்ச். கையெழுத்து முத்து முத்தா இருக்குமே!"

"'ஒரே' தப்பா டீச்சர்?"

 டீச்சர் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜப்பானிய விருந்தினர் அதிகம் வரும் ஒரு ஓட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு அந்தப் பெண் போயிருக்கிறாள். எழுத்துத் தேர்வில் முதலிடம். நேர்முகத்தில் உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த ஜப்பான்காரர் முதலில் சிரித்தார், பிறகு முகத்தைச் சுளித்தார், பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

"என்ன தப்பு பண்ணேன்னே தெரியல. எனக்குப் படிப்பு ஏறாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன் டீச்சர். அப்புறம் புத்தகத்தைத் தொடவே இல்ல." அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் டீச்சருக்கு இன்னும் வலித்தது. பின்னால் மார்க்‌ஷீட்டோடு நாலு பேர் நின்றார்கள், ஒருவர் சில்லறையைக் கண்ணாடி மேல் தட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் படிப்பு ஏறாம இல்லம்மா. நான் ஏத்தினது அப்படி. திங்கக்கிழமை அஞ்சரைக்கு வாங்க. கடைசி பெஞ்சுல நானும்தான் உக்காந்திருக்கேன்."

"கடையை விட்டுட்டு எப்படி டீச்சர்..." என்று அவள் மறுபடி இயந்திரத்தை ஓட விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. டீச்சர் போய் இன்னொரு முறை கூப்பிடவும் இல்லை. எந்த முகத்தோடு போவது? ஆனால் பெஞ்சில் தன் பக்கத்து இடத்தில் பையை வைத்து, யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது திங்கட்கிழமை, விரலெல்லாம் ஜெராக்ஸ் மையோடு, அவள் வந்து பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கடிதங்களுக்குப் பதில் வரத் தொடங்கியது. பலர் விளையாட்டாக எழுதியிருந்தார்கள். சிலர் ஜப்பானிய மொழியை எப்போதோ மறந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். அது அவளுக்கு முதன்முறையாக நல்ல செய்தியாகப் பட்டது. ஒருநாள் துறை அலுவலகத்துக்கு ஒரு போன். ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஓட்டும் பழைய மாணவன்.

"டீச்சர், லெட்டர் கெடச்சுது. தயவு செஞ்சு மாத்திப்புடாதீங்க!"

"என்னப்பா சொல்றீங்க?"

"இங்க ஷெட்டுல எல்லாரும் இப்படித்தான் பேசுறாங்க. மரியாதையா படிச்சிட்டு வந்தவங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. என்கிட்டதான் வந்து கேக்குறாங்க. போன மாசம் சங்கிலி நழுவிச்சு. கீழ ஒரு ஜப்பான்காரர் நிக்கிறார். நான் 'அபுனே!'ன்னு ஒரே கத்து. ஆள் தாவிட்டாரு. மொழிபெயர்ப்பாளர் பக்கத்துலதான் நின்னாரு டீச்சர், 'மன்னிக்கவும், சிறிது ஆபத்து'ன்னு அப்பத்தான் ஆரம்பிக்கிறாரு!"

அதை அவள் சென்செய்யிடம் சொன்னபோது, இந்தத் தடவை அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை எங்கள் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர ஆளே கிடையாது தெரியுமா?" என்றார். இரண்டு பேரும் அந்த மாலையே உட்கார்ந்து புதிய பாடத்திட்டம் ஒன்று எழுதினார்கள். முதல் வருஷம் எல்லோருக்கும் மரியாதைப் பேச்சு. இரண்டாம் வருஷம், வேண்டுகிறவர்களுக்கு, பட்டறைப் பேச்சு. துறைத்தலைவர் கையெழுத்துப் போடுமுன் ஒன்றே ஒன்று கேட்டார்: "நேர்முகத்துல அன்னைக்கு எங்ககிட்ட பேசினது எந்த வருஷத்துப் பாடம்?"

"ரெண்டாம் வருஷம் சார்" என்றாள் டீச்சர், தலையைக் குனிந்துகொண்டு.

சென்செய் ஊருக்குப் போகும் நேரத்துக்கு டீச்சரின் நாக்கு ஓரளவு வளைந்திருந்தது. ஆனால் வகுப்பிலேயே அழகாகப் பேசியது ஜெராக்ஸ் கடைப் பெண்தான். விருந்தினரை வரவேற்கும் வாக்கியங்களை அவள் சொல்லும்போது சென்செய் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மறுவருஷம் மரியாதைப் பேச்சு நடத்த அவளையே உதவி ஆசிரியையாகப் போடும்படி டீச்சர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டாள், இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாம் முறை நேரில் போய் நின்று அனுமதி வாங்கினாள். ஓட்டல் வேலைக்கு மறுபடி முயன்று பார்க்கும்படியும் அவளிடம் சொன்னாள்.

"வேண்டாம் டீச்சர். அங்க போனா நான் ஒருத்தி மரியாதையா பேசுவேன். இங்க இருந்தா வருஷத்துக்கு இருபது பேரு பேசுவாங்க."

அதற்கு அடுத்த வருஷம் டீச்சரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு, சென்செய்யின் பல்கலைக்கழகத்துக்கே, அழைத்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் முதல் விமானப் பயணம். கணவரும் மகளும் பெட்டியை மூன்று தடவை கட்டிப் பிரித்தார்கள். போய்ச் சேர்ந்த ஐந்தாவது வாரம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கணவர் அதை மகளுக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினார்:

'கடையில், ரயிலில், வகுப்பில், எங்கே பேசினாலும் எல்லோரும் சாதாரணமாகப் பதில் சொல்கிறார்கள். ஒருவர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை. சென்செய்க்கு ரொம்பப் பெருமை. எனக்குத்தான், உங்களிடம் சொல்வதற்கென்ன, கொஞ்சம் போரடிக்கிறது.'